எட்டாவது போல்ட்

என் வீட்டுக்காரருக்குச் சிற்பம், ஓவியம் என்றால் உயிர் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவளே நான்தான். ஊரில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சட்டை மாற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்து மியூசியத்துக்குக் கிளம்புகிற மனுஷனைப் பற்றி வேறு என்னதான் சொல்வது? போன வாரம்தான் விஷயம் தெரிந்தது. பதினெட்டு வருஷமாக அவர் கலையை ரசிக்கப் போகவில்லை. தான் நட்டுவைத்த ஓர் இரும்புத் தகடு இன்னும் விழாமல் நிற்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறார்.

அவருக்கு வேலை பாரம் தூக்குவது. தோளில் இல்லை, கிரேனில். ஆலைக்கு வரும் பெரிய இயந்திரம், பாலத்துக்கான உத்தரம், இப்படி எதுவாக இருந்தாலும் அதற்கு எங்கே பெல்ட் கட்ட வேண்டும், எந்தப் பக்கம் கனம் சாயும் என்று கணக்குப் பார்த்துக் கட்டிவிட்டு, கீழே நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுவார். முப்பத்தோரு வருஷம் அந்த வேலை. எதையும் இம்மி பிசகாமல் நிமிர்த்தி வைப்பார் என்பதால் கம்பெனியில் அவருக்குத் தூக்குக்குண்டு என்று பேர். வீட்டிலும் அதே கூத்துதான். பீரோவைப் பார்த்தால் எடை சொல்வார், பேத்தியைத் தூக்கினால் எடை சொல்வார். கல்யாணமான புதிதில் என்னைத் தூக்கிவிட்டு எடை சொன்னார். அன்றைக்கு இரண்டு வேளை நான் அவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவர் திடீரென்று ஞாயிறு தோறும் காணாமல் போனால் ஒரு பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. நான் அப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் இருந்தேன். என்னோடு வேலை பார்த்தவள், "சும்மா புலம்பிட்டே இருக்காதே, பின்னாடியே போய்ப் பாரு," என்றாள். போனேன். அவர் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறி, பல்கலைக்கழக வாசலில் இறங்கி, மரத்துக்கு மரம் ஒளிந்து போனேன். நாற்பது வயதில் எனக்கு அது தேவைதானா என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மியூசியக் கட்டடத்துக்குப் பின்னால் நூலகம் வரைக்கும் புல்வெளி. அதில் அங்கங்கே சிற்பங்கள். வெண்கலத்தில் படுத்துக்கிடக்கிற ஒரு பெரிய பெண், மூன்று கல் உருண்டைகள், கம்பியால் ஆன ஏதோ ஒன்று. கடைசியில், இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு, நடுவில் வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் நிழலில் மாணவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தகட்டையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெண் வாடையே இல்லை.

நான் முன்னால் போய் நின்றதும் திருதிருவென்று விழித்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"பாக்கறேன்."

"எதை?"

"இதைத்தான். நல்லாயிருக்குல்ல?"

சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியில் நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். காலண்டர் படத்தைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன் இரும்பை ரசிக்கிறார், சரி, தன் கையால் தூக்கி நிறுத்தினதாச்சே, பாசம் இருக்காதா என்று நானே அவருக்காகக் காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் நானும் கூடவே போக ஆரம்பித்தேன். அவர் வெளியே பெஞ்சில் இருப்பார், நான் உள்ளே போவேன். முதலில் ஏசிக்காகத்தான் போனேன். போகப் போக எனக்கே பிடித்துவிட்டது. இரண்டாவது அறையில், துவைத்த துணிகளை மடிக்கிற ஒருத்தியின் படம் இருக்கிறது. அவள் போர்வையை மடிக்கிற விதம் தப்பு. ஓரம் சேராது. வரைந்தவருக்குத் துணி மடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த முகத்தில் இருக்கிற அலுப்பு அச்சு அசல். அவளைப் பார்க்காமல் நான் திரும்பியதே இல்லை. கலை பிடித்தது எனக்குத்தான், பேர் அவருக்கு.

போன ஞாயிறு அந்தப் புல்வெளி ஓரம் ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு முதல், சாய்ந்த தகட்டின் நிழலில் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு. ஆறு வயது முதல் பத்து வயது வரை, நாற்பது பேர் வரை சேரலாம். நான் படித்துவிட்டு, "நம்ம பேத்தியைச் சேத்துவிடலாமா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்துப் போயிருந்தது. உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சுவலியோ என்று நான் பதறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, சொன்னார்.

தகட்டை நிறுத்துவதற்காகக் கட்டட ஆட்கள் தரையில் கான்கிரீட் போட்டு, அதிலிருந்து எட்டுக் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி பதித்து வைத்திருந்தார்களாம். தகட்டின் அடிப்பலகையில் எட்டுத் துளை. இறக்கும்போது எட்டுக் கம்பியும் எட்டுத் துளைக்குள் வர வேண்டும், வந்ததும் மேலே நட்டு போட்டு முறுக்க வேண்டும். ஏழு வந்துவிட்டது. எட்டாவது இரண்டு விரற்கடை தள்ளிப் பதித்திருந்தார்கள். மறுநாள் திறப்பு விழா. நாற்காலி எல்லாம் போட்டாகிவிட்டது. கிரேன் விடிந்தால் வேறு ஊருக்குப் போக வேண்டும். புதிதாகக் கான்கிரீட் போட்டுக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகையால் எட்டாவது கம்பியைத் தரையோடு தரையாக அறுத்துவிட்டு, துளையில் ஒரு குட்டை போல்ட்டைச் சொருகி, நட்டை வைத்து ஒரு பொட்டு வெல்டிங். மேலே இருந்து பார்த்தால் எட்டும் எட்டாகத்தான் தெரியும். காலையில் தோட்டக்காரர்கள் வந்து அடிப்பலகை மறைகிற அளவுக்குக் கூழாங்கல்லைக் கொட்டிவிட்டார்கள். அதோடு யார் கண்ணிலும் படவில்லை.

"எட்டுல ஒண்ணுதானே," என்றேன். அவருக்குத் தைரியம் சொல்வதாக நினைப்பு.

"அது சாய்வுக்குப் பின்பக்கத்து போல்ட். விழாம இழுத்துப் பிடிக்கிறதே பின்னாடி இருக்கற ரெண்டுதான். அதுல ஒண்ணு பொய்."

"இதை யாருங்க பண்ணச் சொன்னது?"

கொஞ்ச நேரம் மென்று முழுங்கினார். "சுருட்டைதான். ஏழு போதும்னு சொன்னான். நான் அப்பவே வேணாம்னேன்."

சுருட்டை என்பது அன்றைக்குக் கிரேன் ஓட்டியவர். தலைமுடிக்காக வந்த பேர். இவரும் அவரும் பத்து வருஷம் ஜோடி. ஒருத்தர் கை அசைந்தால் மற்றவருக்குப் புரியும். எங்கள் மகள் பிறந்த அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதே அவர் வண்டியில்தான். அந்தத் திறப்பு விழாவுக்குப் பிறகு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "அவனுக்குத் தலைக்கனம்," என்று இவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அடுத்த வருஷம் கம்பெனி சுருட்டையை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கண் பரிசோதனையில் தேறவில்லை என்று சொன்னார்கள். அந்தச் சமயம் இவர் துறைமுகத்து வேலையாக மூன்று மாதம் வெளியூரில் இருந்தார். திரும்பி வந்தவர் அதைப் பற்றி யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஒருநாள் சந்தையில் சுருட்டையைப் பார்த்தேன். மூட்டை இறக்குகிற இடத்தில் கைவண்டி தள்ளிக்கொண்டிருந்தார். முடி பாதி போயிருந்தது. "அண்ணி, நல்லாயிருக்கீங்களா? அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அந்த ஆள்மேல் அவ்வளவு கோபம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு அவர் சொன்னதை எல்லாம் கேட்டு முடித்த பிறகு எனக்குக் கோபம் மூக்கு மேல் வந்தது. "பதினெட்டு வருஷமா அதுக்குக் கீழ பசங்க உக்காந்து படிக்குதுங்க. நீங்க பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்தீங்களா? விழுந்தா ஓடிப் போய்க் கையில பிடிப்பீங்களா?"

"ஒவ்வொரு வாரமும் சாய்வு ஏறியிருக்கான்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஏறியிருந்தா சொல்லியிருப்பேன்."

"இப்பச் சொல்லுங்க."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? இத்தனை வருஷம் எடுத்த பேரு ஒரே நாள்ல போயிடும். கேஸ் போட்டாலும் போடுவாங்க. மருமகன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நாப்பது குழந்தைங்க," என்றேன். நாலு நாள் வீட்டில் பேச்சு இல்லை. அவர் சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. வியாழக்கிழமை காலையில் தானாகவே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "கிளம்பு," என்றார்.

மியூசியத்தில் வெளியே இருக்கிற சிற்பங்களுக்கு என்றே ஒரு பொறுப்பாளர் இருக்கிறார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். நாற்பத்தைந்து வயதுப் பெண். நாங்கள் போனபோது அப்போதுதான் புல்வெளியிலிருந்து வந்து சேற்றுச் செருப்பை வாசலில் கழற்றிக்கொண்டிருந்தார். சின்ன அறை. ஒரு மேஜை, பழைய தொலைபேசி, ஜன்னல் விளிம்பில் வாளியும் தூரிகைகளும். சுவர் நெடுகக் கோப்புகள். ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஒரு கோப்பாம். என்றைக்குக் கழுவினார்கள், என்றைக்கு மெழுகு பூசினார்கள், எந்த இடத்தில் பறவை எச்சம் அரித்திருக்கிறது, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் தொங்குமே, அந்தச் சீட்டு மாதிரி. எனக்கு அந்த அறையைப் பிடித்துப்போயிற்று. வந்த காரியம் வேறாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேன்.

இவர் உட்காரவில்லை. நின்றபடியே, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். எட்டுக் கம்பி, ஏழு சேர்ந்தது, ஒன்று போலி. "கிரேன் ஓட்டினவன் ஏழு போதும்னான், மேடம். நான் கீழ கை காட்டிக்கிட்டுக் கூட இருந்தேன். நான் தடுத்திருக்கணும். ஞாயித்துக்கிழமை அந்த வகுப்பை மட்டும் வச்சிடாதீங்க."

அந்த அம்மா அதிர்ச்சி அடைவார், யாரையாவது கூப்பிடுவார், கத்துவார் என்று நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் இவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார்.

"முதல்ல உக்காருங்க ஐயா. பயப்பட ஒண்ணுமில்ல. அந்த போல்ட்டை மாத்திப் பதினேழு வருஷம் ஆச்சு."

இவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அவர் கோப்பைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். புகைப்படங்கள். புல்வெளியைச் சுற்றித் தடுப்பு கட்டி, கிரேன் கொண்டுவந்து தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். கான்கிரீட்டைத் துளைத்துப் புதுக் கம்பி இறக்கியிருக்கிறார்கள். கடைசிப் படத்தில் கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு எட்டு நட்டுகள், பளபளவென்று. கீழே தேதி. இவர் துறைமுகத்தில் இருந்த அந்த மூன்று மாதம். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை பொறியாளர் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று இவர் கேட்டார்.

"நாங்க கண்டுபிடிக்கல. ஒருத்தர் வந்து சொன்னார்." படங்களுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. பெரிய பெரிய எழுத்து. இவர் கையில் வாங்கிக்கொண்டு படிக்காமலே வைத்திருந்ததால் நான்தான் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

'இந்தச் சிற்பத்தின் பின்பக்கத்து போல்ட்டுகளில் ஒன்று போலி. கம்பி சேரவில்லை என்று அறுத்துவிட்டேன். ஏழு போதும் என்று முடிவு செய்தது நான். கீழே நின்று கை காட்டியவர் அந்த நேரம் அங்கே இல்லை. அவருக்கு இது தெரியாது. காற்றுக் காலம் வருவதற்குள் சரி செய்துவிடவும்.' கீழே சுருட்டையின் முழுப் பேரும் கையெழுத்தும்.

"அப்போ எனக்கு முன்னாடி இருந்தவர் பொறுப்புல இருந்தார்," என்றார் அந்த அம்மா. "உங்க கம்பெனிக்குச் சொன்னார். அவங்க செலவுலயே சரி பண்ணிக் கொடுத்தாங்க, விஷயம் வெளிய போக வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. அந்தக் கிரேன்காரரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுதாம்."

ஆக, கண் பரிசோதனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"நீங்க சொன்னதும் இவர் எழுதினதும் ஒண்ணாத்தான் இருக்கு ஐயா. ஒரே ஒரு வித்தியாசம். நீங்க கூட இருந்ததாச் சொன்னீங்க, இவர் நீங்க இல்லைன்னு எழுதியிருக்கார். அதனால உங்க மேல எதுவும் வராது. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நிமிஷம் அப்பாடா என்றிருந்தது. குழந்தைகளுக்கு ஆபத்தில்லை, கேஸ் இல்லை, பேரும் பத்திரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டேன். "வாங்க, போகலாம்," என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. தாளை மேஜைமேல் வைத்து, மடங்கியிருந்த ஓரத்தைக் கையால் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார்.

"இது பொய் மேடம்," என்றார்.

"எது?"

"நான் அங்கதான் இருந்தேன். ஏழு போதும்னு சொன்னது அவன் இல்ல. நான். அவன் கிரேனை விட்டு இறங்கி வந்து, வேணாம்டா, விழாவைத் தள்ளி வைக்கச் சொல்லலாம்னான். நான் கேக்கல. வெல்டிங் வச்சதும் நான்தான். அப்புறமும் சொல்லிடலாம்டான்னு தினம் வந்து நின்னான். எனக்கு அப்பத்தான் மேற்பார்வையாளரா உயர்வு வர இருந்தது. என் வயித்துல அடிக்காதே, என் வீட்டுப் பக்கம் வராதேன்னுட்டேன்."

நான் மறுபடியும் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. அந்த உயர்வு வந்தபோது நான் இனிப்பு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருஷமே சுருட்டை வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கைவண்டி தள்ளிக்கொண்டிருந்தவர் என்னிடம் குசலம் விசாரித்தாரே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு வாய் டீ வாங்கித் தரக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எங்கிட்டகூட அவன் தலைலதானே போட்டீங்க," என்றேன். அந்த அம்மா முன்னால் சண்டை வேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. "கட்டின பெண்டாட்டிகிட்டகூடவா?"

"உங்கிட்டதான் முதல்ல சொல்ல முடியல," என்றார்.

பொறுப்பாளர் அம்மா சங்கடத்தில் கோப்பை மூடப் போனார். இவர் அதன்மேல் கையை வைத்தார். "மூடாதீங்க. இதுல ஒரு தாள் சேக்கணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"ஐயா, எல்லாம் முடிஞ்சு போன விஷயம். இனிமே யாரும் இதைக் கேக்கப் போறதில்ல."

"யாரும் கேக்க வேணாம். அவன் பேரு மட்டும் தப்பா இருக்கக் கூடாது."

அந்த அம்மா எழுதினார். இவர் சொன்னது நாலே வரி. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, ஓர் இடத்தில் 'செய்தோம்' என்று இருந்ததை 'செய்தேன்' என்று திருத்தச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா அந்தத் தாளைச் சுருட்டையின் தாளுக்கு மேலே வைத்துக் கோத்தார். பிறகு எங்களைப் பார்த்து, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் இருந்தார்.

"நான் இங்க வந்து பன்னெண்டு வருஷம் ஆகுது. வருஷா வருஷம் அந்தச் சிற்பத்தைக் கழுவற வாரத்துல அவர் வருவார். கூழாங்கல்லை ஒதுக்கி போல்ட்டைப் பாப்பார். அப்புறம் இங்க வந்து, இதைப் பத்தி வேற யாராவது வந்து பேசினாங்களான்னு கேப்பார். இல்லைன்னு சொல்வேன். சரி, அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டுப் போயிடுவார். யாரைக் கேக்கறார்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் நம்பர் இருக்கு. போடட்டுமா?"

இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான், "போடுங்க மேடம்," என்றேன்.

மணி அடித்தது. எடுத்தார்கள். அந்த அம்மா தன் பேரைச் சொல்லிவிட்டு, "நீங்க கேட்டுட்டே இருந்தீங்களே, இன்னைக்கு ஒருத்தர் வந்திருக்கார்," என்று சொல்லி, ரிசீவரை இவர் கையில் திணித்துவிட்டு, தூரிகைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவையும் சாத்திவிட்டுப் போனார்.

இவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதையாவது அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நான்தான்டா," என்றார் கடைசியில். "எழுதிக் கொடுத்துட்டேன். ஏழு போதும்னு சொன்னது நான்தான்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

கிரேன் ஓட்டியவர்கள் தொலைபேசியில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் நன்றாகக் கேட்கும்.

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற," என்றார் சுருட்டை. "நான் பக்கத்துலதானே நின்னேன்."